நெற்களஞ்சியச் சுவரில் நின்றவர்கள்

விளாத்திமுனைச் சந்தியில், நெற்களஞ்சியத்தின் நீளச் சுவரில் படமாகக் கீறியிருந்த ஆட்களின் வரிசை ஓர் ஆள் இடம் முன்னுக்கு நகர்ந்திருப்பதை முதன்முதலில் கண்டவள், எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த இந்திரமலர்தான். கண்டும் அவள் முதலில் செய்தது, பொங்கி வழியப் பார்த்த பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுதான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து இன்னொருமுறை ஆறுதலாகப் பார்த்தாள். முந்தின நாள் பின்னேரம் வரை சுவரின் இடது ஓரத்தில் முதல் ஆளாக நின்ற கைத்தடிக் கிழவரைக் காணவில்லை. அவருக்குப் பின்னால் தலையில் மூட்டையோடு நின்ற பெண் இப்போது அவருடைய இடத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இடம் தள்ளி நின்றார்கள். வலது பக்கக் கடைசியில், வெறுமையாகியிருக்க வேண்டிய இடத்தில், சாரம் கட்டி வெறும் மேலோடு யாரோ ஒருவர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார்.

வேறோர் ஊரென்றால் கூட்டம் கூடியிருக்கும். விளாத்திமுனைச் சனம், வீடு இருந்த இடத்தில் பற்றைக்காட்டையும் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் முள்ளுக்கம்பியையும் கண்டு பழகிய சனம். இருந்தவை இல்லாமல் போனதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டு முடித்துவிட்டவர்களுக்கு, இல்லாதது ஒன்று வந்து நிற்பதற்கு ஆச்சரியப்பட மிச்சமொன்றும் இருக்கவில்லை. தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் கிளாசும் கையுமாக வாசலில் நின்று பார்த்தார்கள். "ஓம், நகர்ந்துதான் கிடக்குது" என்றார்கள். சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்கள்.

அந்த வரிசையைக் கீறியவள் வசந்தரூபி. யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்து, கொழும்பிலும் கடல் கடந்த ஊர்களிலும் கண்காட்சி வைத்தவள். யுத்தம் நடந்த ஊர்களின் சுவர்களில் யுத்தத்தைப் பற்றிப் படம் கீறும் ஒரு கலைவிழாவுக்காக, ஏணியும் சாய வாளிகளுமாக வந்து, பள்ளிக்கூட ஆசிரியர் விடுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். களஞ்சியத்துக்குக் கூரை போய் வெகுகாலம். றோட்டுப் பக்கச் சுவர் மட்டும் எப்படியோ விழாமல் நின்றது. அதிலிருந்த செல் துளைகளை அடைத்துப் பூசிக் கொடுத்தவர் இந்திரமலரின் புருசன் அரியரத்தினம். ஊர் அவரை மேசன் அரியம் என்று சொல்லும். பூச்சுக் காய்ந்ததும் ரூபி அதில் பத்துப் பன்னிரண்டு பேரை ஆளுயரத்துக்குக் கீறினாள். எல்லோரும் இடது பக்கம் நோக்கி ஒருவர் பின் ஒருவராக, ஆனால் பார்ப்பவர்களுக்கு முகம் தெரியாதபடி சுவருக்குள் பாதி திரும்பி, முதுகும் தோளும் பிடரியும் மட்டுமாக நின்றார்கள்.

"ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் முகமில்லை?" என்று கீறிக்கொண்டிருந்தபோதே இந்திரமலர் கேட்டிருந்தாள்.

"முகத்தைக் கீறினால் அது ஆரோ ஒரு ஆளாப் போயிடும் அக்கா. முதுகெண்டால் அதிலை ஆரும் நிக்கலாம்" என்றாள் ரூபி.

அவள் சொன்னதைச் சுவர் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று ஊர் பிறகு பேசிக்கொண்டது.

சேதி கேட்டு வந்த ரூபி, புதிதாக நின்ற மனிதரின் பக்கத்தில் போய் நகத்தால் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தாள். சாயம் காய்ந்து, வெயில் குடித்து, வருசக்கணக்காக அங்கேயே இருந்ததுபோல் இறுகியிருந்தது. முதுகெலும்பு ஓடிய விதத்தையும், வலது தோள்மூட்டு இடது தோளைவிட உயர்ந்திருந்ததையும் வெகுநேரம் பார்த்தபிறகு, "இது என்ரை கை இல்லை" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் பயம் இருக்கவில்லை. கொஞ்சம் பொறாமைதான் இருந்தது என்று இந்திரமலருக்குப் பட்டது.

அது யாருடைய முதுகு என்பதை மீன் விற்கும் லில்லி அன்று மத்தியானமே சொல்லிவிட்டாள். கூடையை இறக்காமல் நடுறோட்டில் நின்று பார்த்தாள், கிட்டப்போய்ப் பார்த்தாள், பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சின்னனிலையிருந்து வலை சுமந்து தோள் ஏறிப்போன தோள். எங்கடை யோசேப்பு" என்றாள். யோசேப்பு அவளுடைய தம்பி. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. லில்லி அழவில்லை, அவனுடைய காலடியில் மண்ணில் குந்தி இருந்து, அன்று விற்றதும் விற்காததுமான மீன் கதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் வரிசை ஓர் ஆள் இடம் நகர்ந்தது. அது நகர்வதை யாரும் கண்டதில்லை, நகர்ந்ததைத்தான் கண்டார்கள். இடது ஓரத்தில் ஒருவர் இல்லாமல் போவார். வலது ஓரத்தில் ஒருவர் வந்து நிற்பார். வந்து நிற்பவரை, காலை பஸ் வருவதற்கு முன்னமே, ஊரில் யாரோ ஒருவர் அடையாளம் கண்டுவிடுவார். காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்த சேட்டைத் தைத்தவள் கண்டாள். பிடரியில் இருந்த மச்சத்தை, அந்தப் பிடரியைப் பிடித்து முழுகவார்த்த தாய் கண்டாள். உச்சி வெயிலில் சுவரில் நின்றவர்களின் சட்டைகள் முதுகோடு ஒட்டி வேர்வை ஊறுவதைக் கண்டபோது, ஒருவரும் ஒருவரையும் கேட்காமல் தடிகளும் கயிறும் வந்தன. மேசன் அரியம் ஏணி வைத்து ஏறி, அகதி முகாம் காலத்துத் தார்ப்பாய்களை ஒன்றோடொன்று முடிந்து சுவர் நீளத்துக்கு நிழல் கட்டிக் கொடுத்தார். யாரோ மண்பானையில் தண்ணீர் வைத்தார்கள். பின்னேரங்களில் பானைத் தண்ணீர் குறைந்திருந்தது. காகம் குடித்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள், காகம் என்று சொன்னவர்களே மறுநாள் பானையை நிரப்பியும் வைத்தார்கள்.

சிவில் உடையில் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து, சுவரை முழுவதும் படம் எடுத்து, "இவையள் ஆர்?" என்று ரூபியிடம் கேட்டார்கள். "தெரியாது, எல்லாம் முதுகுதானே" என்றாள் அவள். அவர்கள் யாருக்கோ போன் எடுத்து நெடுநேரம் கதைத்துவிட்டு, முதுகு கீறுவதை மறிக்க வழி தெரியாமல் போய்விட்டார்கள். அடுத்ததாகக் கொழும்பிலிருந்து பெரிய கலைக்கூடமொன்றை நடத்தும் அம்மா ஒருவர் குளிர்சாதன வானில் வந்து இறங்கினார். கண் கலங்கப் பார்த்தார். இந்தச் சுவரை அப்படியே பெயர்த்தெடுத்துக்கொண்டு போய் உலகத்துக்குக் காட்டவேண்டும், அதற்கு எஞ்சினியர்மார் இருக்கிறார்கள் என்றார். ரூபிக்குக் கொஞ்சநேரம் ஆசை வந்தது என்பதை இந்திரமலர் அவள் முகத்தில் கண்டாள்.

"சுவர் வரும் அம்மா. சுவரோடை வரிசையும் வருமெண்டு ஆர் சொன்னது?" என்றார் கயிறு முடிந்துகொண்டிருந்த அரியம். அந்த அம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

யோசேப்பு இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்த நாளில் லில்லி மீன் விற்கப் போகவில்லை. மறுநாள் விடிய அவன் இல்லை. லில்லி சுவரின் ஓரத்துக்கு ஓடி, மூலையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் பார்த்தாள். ஒழுங்கைப் பாதை இருந்தது, காஞ்சோண்டிப் பற்றை இருந்தது, கயிறு அறுத்துக்கொண்டு வந்த ஆடு ஒன்று மேய்ந்தது. அவள் திரும்பி வந்து தார்ப்பாய் நிழலில் இருந்தபோது, "கரையேறிட்டான் பிள்ளை, கவலைப்படாதை" என்றார்கள் சிலர். "எனக்கு அவன் ரெண்டாந்தரமும் துலைஞ்சு போனான், அவ்வளவுதான்" என்றாள் லில்லி. அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. முன்னுக்குப் போவது நல்லதென்று ஒரு பாதி. போகாமல் நின்றாலே போதுமென்று மறு பாதி. இரண்டு பாதியும் ரூபியிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டன. "அவை எதுக்காக நிக்கினம்? முன்னுக்கு என்ன இருக்குது?"

"நான் அதைக் கீறேல்லை" என்றாள் ரூபி. "யோசிக்கவுமில்லை."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இந்திரமலர் தேத்தண்ணி ஆற்றினாள், வடை சுட்டாள், மற்றவர்களுடைய முதுகுகளைப் பார்த்தாள். பிறகொரு காலை, விறகை முறித்துக்கொண்டு நிமிர்ந்தவள், வலது ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட சேட்டைக் கண்டாள். இடது கை மட்டும் முழங்கைக்கு மடித்திருந்தது. தலை ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்திருந்தது, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல.

நகுலேந்திரன். அவளுடைய முதல் புருசன்.

அவள் அவரைக் கடைசியாகக் கண்டதும் முதுகாகத்தான். சனம் முழுக்க ஏரியைக் கடந்து வந்து கரையில் நின்ற அந்த நாளில், இயக்கத்தில் ஒரு நாளேனும் இருந்தவர்கள் வந்து பெயர் பதியும்படி ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. நகுலேந்திரன் இருந்ததில்லை, பங்கர் வெட்டக் கூட்டிக்கொண்டு போனபோது போய் வெட்டியவர். "ஒரு நாள் மண் வெட்டினதுக்கு என்ன செய்யப்போறாங்கள். ஒளிச்சால்தான் பிழை. பேரைக் குடுத்திட்டு வாறன், நீர் இதிலை நில்லும்" என்றார். அவள் அதிலே நின்றாள். அவர் போய் வரிசையின் கடைசியில் நின்றார், வரிசை நகர்ந்தது, அவருக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்து மறைத்தார்கள். அதன்பிறகு வருசக்கணக்காக அவள் நின்ற இடங்கள் பல. முகாம் வாசல்கள், அரசாங்கக் கந்தோர் வாசல்கள், வெயிலில் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்ற றோட்டோரங்கள். பிறகு, வீட்டுத்திட்டத்தில் அவளுக்குக் கல்வீடு கட்ட வந்தவர்தான் மேசன் அரியம். செல்லில் மனைவியைப் பறிகொடுத்தவர். கட்டி முடித்த பிறகும் பூச்சு வெடித்திருக்கிறதா பார்க்கவென்று வந்து போனார். ஒருநாள், "எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம். பின்னேரத்திலை கதைக்க ஒரு ஆள் காணும்" என்றார்.

"அவர் திரும்பி வரக்கூடும்" என்றாள் அவள்.

"வந்தால் நான் போறன். அதுக்கென்ன" என்றார் அரியம்.

அந்தச் சொல்லின் மேல்தான் அவர்களுடைய வீடு நின்றது. அது ஆடாமல்தான் நின்றது, அன்று காலைவரை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பை இழுத்துக் கடையின் மற்ற மூலையில் வைத்தாள். அப்படி வைத்தால் அவள் வேலை செய்யும்போது சுவருக்கு முதுகு காட்டி நிற்கலாம். ஆகவே றோட்டின் அந்தப் பக்கம் ஒரு முதுகும் இந்தப் பக்கம் ஒரு முதுகுமாக அந்த நாள் போனது. மறுநாளும் போனது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. நெற்றியில் வைத்திருந்த பொட்டும், உடுத்தியிருந்த மஞ்சள் சேலையும், உடம்பு வைத்ததும், நரைத்ததும், முந்தினநாள் அரியம் சொன்ன பகிடிக்குச் சிரித்ததும் எல்லாமே வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவர் போய்விடுவாரென்று ஒரு பயம். போவதற்குள் திரும்பிப் பார்த்துவிடுவாரென்று இன்னொரு பயம். எந்தப் பயம் பெரிதென்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள், வெறுந்தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த அரியம், அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"நீலச் சேட்டோ?"

அவள் சாம்பலைக் கிளறினாள். "ஓம்."

அவர் கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "அந்தப் பக்கத்துத் தார்ப்பாய் கொஞ்சம் குட்டை. பின்னேர வெயில் நேரை அவரிலைதான் விழுகுது. இழுத்துக் கட்டிவிடுறன்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் ஏறி நின்று, நகுலேந்திரனின் தலைக்கு மேல் தார்ப்பாயை இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்து, திருப்தியில்லாமல் மூன்றாவதும் போட்டதை இந்திரமலர் திரும்பி நின்று பார்த்தாள். அன்று பின்னேரம் வீட்டில், கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் கழுவித் துடைத்துப் பைக்குள் வைக்கப்பட்டுப் பை கதவுக்குப் பக்கத்தில் இருப்பதையும் கண்டாள். வழமையாக அவை கிணற்றடியில் கிடக்கும்.

அடுத்த நாள் வரிசையில் வந்து சேர்ந்தது ஓர் இராணுவச் சிப்பாய்.

பச்சைச் சீருடை, குட்டையாக வெட்டிய மயிர், இரண்டு பக்கமும் விரிந்த பெரிய காதுகள். நீலச் சேட்டுக்கு இரண்டு ஆள் தள்ளிப் பின்னால் நின்றான். அன்றுதான் விளாத்திமுனை முதன்முறையாக அந்தச் சுவருக்காகக் கோபப்பட்டது. லில்லி தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் சங்கரலிங்கம் ரூபியைத் தேடி விடுதிக்கே போய், "இவனை ஆர் இதிலை கீறினது? அழிச்சுவிடு" என்றார். "நான் கீறேல்லை அண்ணை. கீறாததை என்னெண்டு அழிக்கிறது?" என்றாள் ரூபி. "அப்ப நான் அழிக்கிறன்" என்று அவர் சுண்ணாம்பு வாளியோடு வந்து, எல்லாரும் பார்த்திருக்க, சிப்பாயைத் தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளையடித்து மூடினார். யாரும் தடுக்கவில்லை. யாரும் கை கொடுக்கவுமில்லை.

விடிந்தபோது வரிசை வழமைபோல ஓர் இடம் நகர்ந்திருந்தது. வெள்ளை நகரவில்லை. சிப்பாய் அதற்குள்ளிருந்து வெளியே வந்து, காதுகளோடு முழுசாக, முன் இடத்தில் நின்றான். வெள்ளைக்குள் இப்போது நின்றது புதிதாக வந்து சேர்ந்த ஆள். வெள்ளைக்குக் கீழே தெரிந்தது இரண்டு பாதம் மட்டும். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்து. இடது சப்பாத்துக்கு நாடா இல்லை, சணல் கயிறு கட்டியிருந்தது. சங்கரலிங்கம் அந்தச் சணலைப் பார்த்தார். அதைக் கட்டிவிட்டவர் அவர்தான். அவருடைய தங்கச்சி பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவள். ஏற்றியது யார் என்பதை அந்த ஊரில் ஒருவரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அவர் முழங்காலூன்றி இருந்து, சேட்டைக் கழற்றித் தண்ணீரில் நனைத்து, வெள்ளையைத் துடைக்கத் தொடங்கினார். அழுத்தித் துடைத்தால் அவளுக்கு நோகுமோ என்று மெல்லத் துடைத்ததால் அது முடிய மத்தியானமாயிற்று. இரட்டைப் பின்னல் தெரிந்ததும் நிறுத்தி, கொஞ்சநேரம் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தார். லில்லி பானையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் யாரும் யாரையும் அழிக்கவில்லை.

அந்தக் காதுகளைத் தேடி மதவாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். யாருடைய போனிலோ யாரோ அனுப்பிய படத்தில் கண்டிருக்கிறாள். சோமாவதி என்று பெயர். மகன் காணாமல் போனவன் என்பதற்கு மேல் அவளுக்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பஸ்ஸால் இறங்கி, வெள்ளைச் சேலையும் குடையுமாக, சந்தியில் அத்தனை பேர் பார்த்திருக்க, எந்தப் பக்கம் காலை வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு சங்கரலிங்கம் சங்கக்கடைக்குள் போய்த் தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, சிப்பாய்க்கு எதிரே நிழலில் வைத்துவிட்டு, அவளைப் பாராமலே உள்ளே போனார். இந்திரமலர் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். தம்புள்ளையில் வேலை செய்த காலத்தில் சிங்களம் பழகிய அரியம்தான் அவளோடு கதைத்தார். சோமாவதி திரும்பிப் போகவில்லை, லில்லி வீட்டு விறாந்தையில் படுத்து, விடிய எழும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. நகுலேந்திரன் நடுச்சுவரைக் கடந்தார். வேம்பின் நிழல் விழும் இடத்தைக் கடந்தார். அவருக்கு முன்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே நின்றார்கள். இந்திரமலர் அடுப்பைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்துவிட்டாள். கதவடியில் பை அப்படியே இருந்தது. நகுலேந்திரன் முதல் ஆளாக வந்து நின்ற அன்று, கடையைப் பாதியில் சாத்திவிட்டு, சுவரடியில் பலகையில் சாயம் குழைத்துக்கொண்டிருந்த ரூபியிடம் போனாள்.

"முன்னுக்கு எதையாவது கீறு தங்கச்சி. இவர் போறதுக்குள்ளை."

"என்னத்தைக் கீற அக்கா? நான் ஒவ்வொரு நாளும் தூரிகையைக் கையிலை எடுக்கிறன். எடுத்திட்டு வைக்கிறன்."

அதைக் கேட்டு நிழலில் இருந்தவர்கள் கிட்ட வந்தார்கள். அப்படித்தான் அந்தக் கூட்டம் யாரும் கூட்டாமலே கூடியது. ஒருவர் பஸ் ஒன்று கீறச் சொன்னார், ஏறி வீட்டுக்கு வரட்டும் என்று. "பஸ்ஸிலைதானே ஏத்திக்கொண்டு போனவங்கள்" என்றார் இன்னொருவர், பஸ் போயிற்று. வள்ளம் என்றார்கள், லில்லி தலையை ஆட்டினாள், வள்ளம் போயிற்று. ஒரு வாசல் என்றார்கள். வாசலில் யார் காவல் என்ற கேள்வி வந்தது. மேசை என்றார்கள், மேசைக்குப் பின்னால் யார் இருப்பது என்று கேட்டபோது சொன்னவரே கையை விரித்தார். கோயில் என்றால் ஆருடைய கோயில். வீடென்றால் ஆருடைய வீடு. சோறு போடும் இடம் என்று ஒரு கிழவி சொன்னாள். கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில்தான் செல் விழுந்தது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் ஞாபகம் வந்தது, சோறும் போயிற்று. ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இல்லாமல் போயிருந்தார். யுத்தம் தொடாத ஒரு சாமான் உலகத்தில் மிஞ்சியிருக்கவில்லை போலிருந்தது.

என்ன கதைக்கிறார்கள் என்று சோமாவதி அரியத்திடம் கேட்டாள். அவர் சொன்னார். அவள் சுவரைப் பார்த்தபடி இரண்டு மூன்று சொல் சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் சங்கரலிங்கம்.

"இவ்வளவு காலமும் நிக்கினம், கால் நோகாதோ எண்டு கேக்கிறா" என்றார் அரியம்.

எல்லாரும் சுவரில் நின்றவர்களின் கால்களைப் பார்த்தார்கள். அதுவரை முதுகுகளைத்தான் பார்த்திருந்தார்கள். செருப்பில்லாத கால்கள், சேறு காய்ந்த கால்கள், ஒரு காலில் பாரத்தை வைத்து மற்றக் காலுக்கு ஆறுதல் கொடுத்துக்கொண்டிருந்த கால்கள். நகுலேந்திரனின் குதிகால் வீங்கியிருந்தது.

"குந்தி இருக்க வாங்கு ஒண்டு கீறு, ரூபி" என்றாள் இந்திரமலர். "சுவர் நீளத்துக்கு."

ரூபி சாயப் பலகையைக் கீழே வைத்தாள். பிறகு, "அக்கா, வாங்கிலை இருக்கிறதெண்டால் அவை திரும்பவேணும். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒருத்தரும் இருக்கமாட்டினம்" என்றாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. முதுகைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முகத்தைக் கேட்க ஒருவருக்கும் துணிவு வந்திருக்கவில்லை. முகத்தில் என்ன இருக்குமோ. என்ன கேட்குமோ. காற்றுக்குத் தார்ப்பாய் படபடத்தது. இந்திரமலர் அரியத்தைப் பார்த்தாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பட்டும்" என்றார் அரியம்.

அன்றே தொடங்கினார்கள். அரியம் பையைத் திறந்து நூலை எடுத்து, சுவரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் முழங்கால் உயரத்தில் பிடித்துக் கோடு அடித்துக் கொடுத்தார். ரூபி பலகை பலகையாக வாங்கைக் கீறினாள்; பாலைமரத்து வாங்கு, அகலமானது, உறுதியான கால்கள். அவளுக்குக் கை போதாத இடத்தில் சங்கரலிங்கம் சாய வாளி பிடித்தார். நின்றவர்களின் கால்களுக்குப் பின்னால் பலகை ஓடவேண்டிய இடங்களில், அவர்களைத் தொடாமல், ரூபி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை ஓட்டினாள். வெயில் சாயும் நேரத்திலும் நகுலேந்திரன் இடது ஓரத்தில் முதல் ஆளாக நின்றார். வாங்கும் அவருடைய கால்வரை வந்து முடிந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் அரியம் பையைக் கிணற்றடியில் வைக்கவில்லை, கதவடியிலும் வைக்கவில்லை, இரண்டுக்கும் நடுவே முற்றத்தில் வைத்தார்.

விடிய, இந்திரமலர் கடையைத் திறக்காமல் நேரே சுவரைப் பார்க்கப் போனாள். ஊர் அவளுக்கு முன்னமே அங்கே நின்றது. கிட்டப் போகாமல், றோட்டின் கடைப் பக்கமாக நின்றது.

அவர்கள் இருந்தார்கள். சுவருக்கு முதுகைக் கொடுத்து, றோட்டைப் பார்த்தபடி, சுவர் நீளத்துக்கு ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருந்தார்கள். வரிசை நகரவில்லை, ஒருவரும் போகவுமில்லை, வரவுமில்லை. சிலர் கால்களை நீட்டியிருந்தார்கள். மூட்டைகள் மடியில் இருந்தன. சங்கரலிங்கத்தின் தங்கச்சி சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். சிப்பாய் இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஆட்கள் நிறைந்த பஸ்ஸில் இடம் கிடைத்தவன் மாதிரி ஒடுங்கி இருந்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது என்பதை அப்போதுதான் விளாத்திமுனை கண்டது. முகங்களில் குற்றச்சாட்டு இருக்கவில்லை, மன்னிப்பும் இருக்கவில்லை. நெடுந்தூரம் நடந்தவர்கள் குந்தியவுடன் வரும் அந்தக் களைப்பு மட்டும் இருந்தது. சோமாவதி கதிரையை விட்டு எழும்பிப் போய் மகனுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பிறகு லில்லி, தன்னவர் யாரும் அதிலே இல்லையென்று தெரிந்தும், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பிறகு எல்லாரும் றோட்டைக் கடந்தார்கள்.

நகுலேந்திரன் வாங்கின் இடது ஓரத்தில் இருந்தார். தாடி சவரம் செய்யாத முகம். அதே முப்பத்துச் சொச்ச வயது. நிற்கச் சொல்லிவிட்டு வந்த ஆளைத் தேடுவதுபோல் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திரமலர் அவருடைய பார்வைக்குள் போய் நின்றாள். பொட்டும், மஞ்சள் சேலையும், நரையும், தடித்த உடம்புமாக நின்றாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான் என்பதும், அவளை அடையாளம் காண அவருக்கு நேரமே எடுக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. சொல்வதற்கு வருசக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்து, ஒன்றும் இப்போது தேவையில்லையென்று திரும்பிப் போயிற்று.

அரியம் வரவில்லை. அவர் றோட்டின் கடைப் பக்கத்திலேயே, வேம்போடு சாய்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ" என்றாள் இந்திரமலர். இரண்டு பேரும் அவள் அப்படிக் கூப்பிடக் கேட்டுப் பழகியவர்கள். ஆனால் அவள் திரும்பிக் கூப்பிட்டது வேம்படியை. "இஞ்சை வாங்கோ."

அவர் வந்தார். வந்து அவளுக்கு ஓரடி பின்னால் நின்றுகொண்டார். அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து விட்டாள். சாயமும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்த கை.

"இவர்தான் அரியரத்தினம்" என்றாள் சுவரைப் பார்த்து. "இந்த நிழல் இவர்தான் கட்டினவர். நல்ல மனுசன்."

சுவரில் இருந்தவர் அரியத்தைப் பார்த்தார். பிறகு, வீட்டுக்கு ஆள் வந்தால் எழும்பி நிற்கும் பழக்கமுள்ளவர் போல, வாங்கில் ஒரு கையை ஊன்றி, வீங்கிய காலை உள்ளுக்கு இழுத்து, மெல்ல எழும்பப் பார்த்தார்.

அரியம் பதறிப்போய் ஓரடி முன்னுக்கு வைத்து, இரண்டு கையையும் நீட்டி அவரை மறித்தார்.

"வேண்டாம், வேண்டாம்" என்றார். "இருங்கோ."